திரையும் ஏடும்

ஓர் இலக்கியத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நூல்களின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். எந்த ஆண்டில் எந்த நூல் வெளிவந்தது, அதனை எழுதியவர் யார், மறுத்தவர் யார் என்பனவே அவர்களுக்குச் செய்தியாகின்றன. அந்நூல் எவ்வழியாக மக்களைச் சென்றடைந்தது, சென்றடைந்த வழி அந்த எழுத்தையே எவ்வாறு மாற்றியது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. ஆனால் சுவடியிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து வானொலிக்கும், வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கும் சமுதாயம் நகர்ந்தபோதெல்லாம் இலக்கியத்தின் உருவும் நகர்ந்தது. அதனை ஆக்குவோரும் மாறினர். அதனை நுகர்வோரும் மாறினர். இந்த மாற்றம் எவர் கையில் இருந்தது என்பதே வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

இக்கேள்வியை மலையகத் தமிழ் இலக்கியத்தை முன்வைத்துக் கேட்பது இக்கட்டுரையின் நோக்கம். ஒப்புநோக்குக்காகச் சீன இலக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மலையகத்தையும் சீனத்தையும் இணைத்துப் பேசுவது சிலருக்கு வியப்பூட்டலாம். ஆனால் அந்த இணைப்பைச் செய்தவர் நம் கண்டி மாவட்டத்தவரே. தலாத்துஓயாவில் வாழ்ந்த கே. கணேஷ், 1946 இல் கே. இராமநாதனுடன் சேர்ந்து ‘பாரதி’ என்னும் முற்போக்கு ஏட்டை நடத்தியவர். முல்க்ராஜ் ஆனந்தைத் தமிழாக்கியவர். ஹோ சி மின்னின் சிறைக் கவிதைகளையும், லூசுனின் சிறுகதைகளையும் தமிழுக்குத் தந்தவர். அவர் மொழிபெயர்த்த லூசுனின் ‘போர்க்குரல்’ தொகுதியில் இருந்தே தொடங்குவோம்.

அத்தொகுதியின் முன்னுரையில் லூசுன் தம் வாழ்வின் திருப்பத்தைச் சொல்கிறார். ஜப்பானில் மருத்துவ மாணவராக இருந்த நாட்களில் வகுப்பறைத் திரையில் நிழற்படங்கள் காட்டப்பட்டன. உருசிய-ஜப்பானியப் போர்க்காலம் அது. ஒற்றனெனப் பிடிக்கப்பட்ட சீனன் ஒருவன் தலை வெட்டப்பட நிற்கிறான். அவனைச் சுற்றிச் சீனர் கூட்டமொன்று நின்று வேடிக்கை பார்க்கிறது. பார்ப்போர் உடல் வலிமை உடையவராகவே இருந்தனர். ஆனால் அவர்கள் முகங்களில் உணர்வில்லை. உடலைக் குணப்படுத்துவதால் மட்டும் இந்த மக்கள் எழமாட்டார்கள், உள்ளத்தை எழுப்ப வேண்டும் என்று உணர்ந்த லூசுன் மருத்துவத்தை விட்டு எழுத்துக்கு வந்தார்.

நவீன சீன இலக்கியத்தின் தோற்றுவாயிலேயே ஒரு திரை நிற்கிறது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அத்திரை லூசுனை அச்சுறுத்தியது. ஆயினும் எழுதவும் வைத்தது. திரையில் அவர் கண்ட பெருங்கேடு, மக்கள் வெறும் பார்வையாளராகிவிடுவது. இந்த ஒரு கருத்தைக் கைவிளக்காகக் கொண்டு மேலே செல்லலாம்.

சீனத்தின் அனுபவம்

சீனாவில் தொலைக்காட்சி 1958 இல் தொடங்கியது. அவ்வாண்டிலேயே முதல் தொலைக்காட்சி நாடகமும் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. எனினும் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அது நகரத்தாரில் சிலருக்குரிய பொருளாகவே இருந்தது. சிற்றூர்களை எட்டியவை கம்பிவழி ஒலிபெருக்கிகளும் வானொலியுமே. 1978 க்குப் பின் வந்த பொருளாதார மாற்றங்களோடு தொலைக்காட்சிப் பெட்டி வீடுகளுக்குள் நுழைந்தது. அப்பெட்டிக்குக் கதை வேண்டியிருந்தது. கதைக்காக அது முதலில் கையேந்தி நின்றது இலக்கியத்தின் வாயிலிலேதான்.

1966 இல் உயிர்நீத்த லாவோ ஷ எழுதிய ‘ஒரே கூரையின்கீழ் நான்கு தலைமுறைகள்’ 1985 இல் தொடராயிற்று. தமிழர் யுவான் சுவாங் என்றறிந்த துறவியின் பயணத்தைக் கதையாக்கிய ‘மேற்றிசைப் பயணம்’ 1986 இலும், ‘செம்மாடக் கனவு’ 1987 இலும் திரையேறின. பள்ளியில் பயின்ற செவ்வியல் நூல்களைப் பாமரரும் பாத்திரம் பாத்திரமாக அறிந்தனர்.

இவற்றினும் குறிப்பிடத்தக்கது சியன் சொங்ஷுவின் கதை. அவருடைய ‘முற்றுகையிடப்பட்ட கோட்டை’ 1947 இல் நூலாக வந்தது. பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சீனப் பெருநிலத்தில் மறுபதிப்பில்லாமற் கிடந்தது. 1980 இல் மீண்டும் அச்சேறியது. அப்போதும் அதனைப் படித்தோர் அறிஞரே. 1990 இல் ஹுவாங் ஷுசின் என்னும் பெண் இயக்குநர் அதனைப் பத்துப் பகுதிகள் கொண்ட தொடராக்கிய பின்னரே நூல் பெருந்தொகையாக விற்பனையாகத் தொடங்கியது. ஏட்டைத் திரை விழுங்கும் என்று அஞ்சியோருக்கு இது ஒரு மறுமொழி. திரை சிலவேளைகளில் ஏட்டுக்கு வாசகனைத் திருப்பி அனுப்பவும் செய்கிறது.

லூ யாவின் ‘சாதாரண உலகம்’ நமக்கு இன்னும் நெருக்கமானது. வட ஷான்சியின் வறண்ட மண்மேட்டில் பிறந்த இரு சகோதரரின் கதை அது. ஒருவன் செங்கற் சூளை வைக்கிறான். மற்றவன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாகிறான். முதற் பாகம் வெளிவந்தபோது விமர்சகர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பழைய பாணி என்று ஒதுக்கினர். 1988 இல் மத்திய மக்கள் வானொலி அந்நாவலை நாள்தோறும் வாசித்து ஒலிபரப்பத் தொடங்கியது. ஒலிபரப்புத் தொடங்கிய வேளையில் மூன்றாம் பாகம் எழுதி முடிக்கப்பட்டிருக்கவே இல்லை. ஆசிரியர் எழுதிக்கொண்டிருக்க, நாடு கேட்டுக்கொண்டிருந்தது. அறிஞர் ஒதுக்கிய நூலை உழவரும் தொழிலாளரும் மாணவரும் செவிவழியே தமதாக்கிக்கொண்டனர். 1991 இல் அந்நாவல் மாவ் துன் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டே, 42 வயதில், ஆசிரியர் மறைந்தார். 2015 இல் அது புதிய தொலைக்காட்சித் தொடராகியபோது, அவரைக் கண்டிராத ஒரு தலைமுறை அவரைப் படித்தது.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. 1990 இல் ஒளிபரப்பான ‘ஏக்கம்’ என்னும் ஐம்பது பகுதித் தொடர் நாட்டையே பெட்டியின் முன் அமர்த்தியது. அதன் கதையைத் திட்டமிட்டோருள் நாவலாசிரியர் வாங் ஷுவோவும் ஒருவர். பொறுமையே உருவான ஒரு பெண், அவளைச் சுற்றிப் பழகிய மனித மாதிரிகள், அரங்கினுள்ளேயே அமைத்த வீடுகள் என்று அத்தொடர் அளவெடுத்துத் தைக்கப்பட்டது. எழுத்தாளன் தன் காலத்தை ஆராய்ந்து எழுதுபவன் என்ற நிலையிலிருந்து, கேட்ட அளவுக்குக் கதை செய்து கொடுக்கும் கைவினைஞன் என்ற நிலைக்கு நகரலானான். 1993 முதற் சீன அறிஞரிடையே மனிதநேய உணர்வின் வீழ்ச்சி பற்றி எழுந்த பெரும் விவாதத்துக்கு இந்தச் சந்தைச் சூழலே பின்புலம். 2003 இல் லியூ சென்யுன் எழுதிய ‘கைப்பேசி’ திரைப்படக் கதையாகவும் நாவலாகவும் ஒருசேர உருவாயிற்று. அதன் நாயகன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துநன் என்பது பொருத்தமே. நாவல் திரைக்குப் போன காலம் மாறித் திரைக்காகவே நாவல் பிறக்கும் காலம் வந்துவிட்டது.

அரசுக் கட்டுப்பாடும் ஒன்றுண்டு. நாகரிகத்தின் தேக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கி 1988 இல் வந்த ‘ஆற்றின் இரங்கல்’ என்ற தொடர், 1989 க்குப் பின் தடைக்குள்ளாயிற்று. ஊடகம் அரசின் உடைமையானால் அது மக்களின் உடைமையாகிவிடும் என்று எண்ணுவது எளிமைப்பட்ட சிந்தனை என்பதை நம் அணியினரும் உணர்தல் வேண்டும்.

எனினும் நன்மை, தீமை இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை எஞ்சுகிறது. சீனத் திரையில் சீன வாழ்க்கை இருந்தது. அதனைச் சீன எழுத்தாளர் எழுதினர். சண்டையும் சமரசமும் அந்த எல்லைக்குள் நடந்தன. இனி நம் மலைநாட்டுக்கு வருவோம்.

செவிவழி வந்த காலம்

மலையக இலக்கியம் தோன்றியது வாய்மொழியில். கோப்பிக் காலத்தில் மன்னார் வழியே நடந்து வந்தோர் பாடிய பாடல்களும், கொழுந்து மலையிலும் பிரட்டுக்களத்திலும் பிறந்த பாடல்களும், காமன் கூத்தும், அருச்சுனன் தபசும் அதன் மூலதனம். 1930களிலும் 1940களிலும் மீனாட்சியம்மாள் நடேசய்யர் தொழிலாளர் கூட்டங்களில் பாடல்களைப் பாடினார். அவற்றை அச்சிட்டும் பரப்பினார். எழுத்தறியாத மக்களுக்கு அரசியல் செவிவழியே சென்றது. சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தேடித் தொகுத்து, 1980களில் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கினார்.

செவியை நம்பி வாழ்ந்த இச்சமுதாயத்துக்கு வானொலி இயல்பாகவே உகந்த ஊடகமாயிருந்திருக்க வேண்டும். இலங்கையில் வானொலி 1925 டிசெம்பரில் தொடங்கியது. 1949 இல் ‘ரேடியோ சிலோன்’ தனித் திணைக்களமாயிற்று. 1950 இல் வர்த்தக சேவை பிறந்தது. 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. இந்திய அரசு வானொலி 1950களில் திரைப்பாடல்களைத் தள்ளிவைத்தபோது, தமிழகமும் வட இந்தியாவும் கொழும்பை நோக்கிச் செவி திருப்பின.

இதே ஆண்டுகளில் மலையகத்தில் நடந்தது என்ன? 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தது. ஒரு நாட்டின் குரல் கடல் கடந்து இலட்சக்கணக்கான செவிகளை எட்டிய காலத்திலேயே, அந்நாட்டுக்குத் தேயிலையால் அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்தோர் குரலற்றோராயினர். இம்முரண் வெறும் அணியன்று, வரலாறு.

வானொலி இலக்கியத்துக்குச் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஈழத்துச் சிறுகதை மூலவருள் ஒருவரான இலங்கையர்கோன் ‘விதானையார் வீட்டில்’ போன்ற வானொலித் தொடர்களை எழுதினார். ‘சானா’ என்றறியப்பட்ட சண்முகநாதன் நாடகத் தயாரிப்பில் ஒரு மரபையே உருவாக்கினார். சில்லையூர் செல்வராசன் திரைக்கென எழுதிய ‘தணியாத தாகம்’ வானொலித் தொடராகப் புகழ் பெற்றது. மேடைத் தமிழின் செயற்கைச் செந்தமிழை உடைத்து, வீட்டுத் திண்ணையின் பேச்சை இலக்கியப் பொருளாக்கியதில் வானொலி நாடகத்துக்குப் பெரும் பங்குண்டு. மண்வாசனை, தேசிய இலக்கியம் என்று முற்போக்காளர் கொள்கையளவில் வாதாடிய ஒன்றை ஒலிவாங்கி நடைமுறையில் செய்து காட்டியது.

ஆனால் எவருடைய பேச்சு? 1970களில் புகழ்பெற்று 1976 இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்த நகைச்சுவைத் தொடரின் நான்கு முதன்மைப் பாத்திரங்களை நினைவுகூர்வோம்: மரைக்கார், ஐயர், அப்புக்குட்டி, உபாலி. முஸ்லிம்களின் தமிழ், பிராமணத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் ஆகிய நான்கும் அங்கே வீற்றிருந்தன. நல்லெண்ணத்தோடு அமைக்கப்பட்ட நாற்காலிகளே அவை. தோட்டத் தொழிலாளியின் தமிழுக்கு ஐந்தாவது நாற்காலி போடப்படவில்லை.

இவ்விடத்தில் என். எஸ். எம். இராமையாவை மறத்தல் கூடாது. வானொலிக்கு நாடகங்கள் எழுதிய அவர், 1961 இல் தினகரனில் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற கதையை எழுதினார். கொழுந்தின் நிறையையும், அதனைப் பறித்த பெண்ணின் மானத்தையும் ஒரே தராசில் வைத்துப் பேசும் கதை அது. அதில் வருணனை குறைவு. பேச்சே கதையை நகர்த்துகிறது. முகம் காணாத கேட்போனுக்கு உரையாடலாலேயே மலையையும் மனிதரையும் காட்ட வேண்டிய வானொலிப் பயிற்சி அக்கதைக்குப் பின்னால் நிற்கிறது என்பது என் துணிபு. ஊடகம் இலக்கியத்தைக் கெடுத்தே தீரும் என்பாருக்கு இராமையா ஒருவரே போதிய மறுப்பு.

திரை வந்த காலம்

1970களின் முற்பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவைக் குறைத்தன. அதன் பயனாக உள்நாட்டு ஏடுகளும் நூல்களும் திரைப்படங்களும் தலைதூக்கின. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் 1975 இல் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ தோட்ட வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. மலையகத்தின் முதன்மை எழுத்தாளருள் ஒருவரான தெளிவத்தை ஜோசப் அதன் எழுத்தில் பங்குகொண்டார். ‘காலங்கள் சாவதில்லை’ என்ற அவரது நாவல் 1974 இல் வெளிவந்தது. ஏடும் திரையும் ஒரே மண்ணில் ஒருங்கே முளைவிட்ட அரிய தருணம் அது.

அம்முளை மரமாகவில்லை. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மலையக மக்களையும் உலுக்கின. இக்காலத்திலேயே தொலைக்காட்சியும் வந்தது: 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி, 1982 பெப்ரவரி 15 இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி. ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்பு நிலையம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலையில் நிறுவப்பட்டது. அதன் அடிவாரமெங்கும் தேயிலைத் தோட்டங்கள், தோட்டங்களில் லயங்கள், லயங்கள் பலவற்றில் அன்று மின்சாரமே இல்லை. 1950 இல் இலக்சபானவில் பிறந்த மின்சாரம் லயக்கூரைகளுக்கு மேலாகக் கம்பிவழி கொழும்பு சென்றது போலவே, திரையின் அலைகளும் அவற்றின் மேலாகச் சென்றன. பின்னர், கார் மின்கலத்தில் இயங்கிய பெட்டியொன்றின் முன் ஒரு லயமே கூடிப் பார்க்கும் காலம் வந்தது.

சிங்களத் தொலைக்காட்சி நாடகம் இலக்கியத்தோடு உறவு பூண்டது. கண்டி மாவட்டத்து அரசியல்வாதியும் நாவலாசிரியருமான டி. பி. இலங்கரத்னவின் ‘அம்ப யஹளுவோ’, சாதி பிரித்த இரு சிறுவரின் நட்பைக் கூறும் கதை, தொடராகி வீடுகளை எட்டியது. ஏழைச் சிறுமியின் உழைப்பைச் சொன்ன ஜப்பானின் ‘ஓஷின்’ தொடரும் இந்நாட்டுத் திரையில் வந்தது. தமிழுக்கு ஒதுக்கப்பட்டதோ குறைந்த நேரம். 1998 இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி தொடங்கியபோது நேரம் பெருகியது. ஆனால் அந்நேரத்தைப் பெரும்பாலும் நிரப்பியவை தமிழகத்தின் நெடுந்தொடர்கள். மலையக நாவலொன்று தொடராகி, நாடெங்கும் பேசப்பட்டு, மறுபதிப்புக் கண்ட வரலாறு நமக்கில்லை.

காரணம் என்ன? எழுத்து இல்லாமையன்று. சி. வி. யின் ‘வீடற்றவன்’ உண்டு. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ உண்டு. 1997 இல் துரைவி பதிப்பகம் வெளியிட்ட சிறுகதைத் தொகுதிகள் உண்டு. காரணம் பொருளாதாரத்தில் இருக்கிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் தொடரை வாங்குவது, புதிதாக ஒன்றை ஆக்குவதிலும் மலிவு. தொடரின் செலவைத் தாங்குவது விளம்பரம். விளம்பரம் தேடுவது வாங்கும் ஆற்றலை. நாட்கூலியில் வாழும் தொழிலாளியை விளம்பரதாரர் பெருவாடிக்கையாளராகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அவர் வாழ்க்கை கதைக்குரிய பொருளாகக் கணிக்கப்படுவதுமில்லை. சீனத்தில் அரசுத் தேவையும் பெருஞ் சந்தையும் எழுத்தாளனைத் தேடி வந்தன. சிலவேளை அவனை விலைக்கும் வாங்கின. இங்கே அவனை விலை பேசக்கூட எவரும் வரவில்லை.

வகுப்பறையிற் காணும் விளைவு

வத்தேகமச் சூழலில் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியன் என்ற முறையில், இதன் விளைவை நான் பயிற்சிக் கொப்பிகளில் நாள்தோறும் காண்கிறேன். ‘என் வீடு’ என்று எழுதச் சொன்னால் மாடிப்படியும் பூசை அறையும் உள்ள வீடொன்று எழுதப்படுகிறது. எழுதிய பிள்ளை வருவதோ, காம்பராவும் இஸ்தோப்பும் கொண்ட லயத்திலிருந்து. கதை எழுதச் சொன்னால் மாமியார் சதி செய்கிறாள். சொத்துப் பத்திரம் காணாமற் போகிறது. பத்திரமே இல்லாத காணியில் இரு நூற்றாண்டு வாழ்ந்த மக்களின் பிள்ளை, சொத்துப் பத்திரம் பற்றிக் கதை எழுதுகிறது! கவ்வாத்து, பிரட்டு, கொழுந்து என்ற சொற்களை எழுதலாமா என்று தயங்கிக் கேட்கும் மாணவர் உண்டு. அவை ‘நல்ல தமிழ்’ அல்ல என்ற அச்சம் அவர்களுக்கு.

இதற்காகப் பிள்ளையைக் கடிந்து பயனில்லை. பெட்டியை உடைத்தும் பயனில்லை. பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்து வந்த தாய், இரவில் ஒரு மணிநேரம் திரையின் முன் அமர்வதைப் பழிப்பது முற்போக்கன்று. அது படித்தவனின் செருக்கு. கேடு அவள் பார்ப்பதில் இல்லை. அவள் பார்க்கப்படாமையில் இருக்கிறது. லூசுன் கண்ட கூட்டம் தன் இனத்தவனையே திரையில் கண்டும் உணர்வற்று நின்றது. நம் மக்களோ தம்மவரைத் திரையில் காணும் வாய்ப்பே இன்றி நிற்கின்றனர். தன் வாழ்க்கை எழுதத் தகுந்தது என்று ஒருமுறையேனும் காட்டப்படாதவனிடமிருந்து இலக்கியம் பிறப்பதெங்ஙனம்?

இங்குதான் லூ யாவின் நாவலுக்கு நேர்ந்தது நமக்குப் பாடமாகிறது. அந்நாவலைக் காத்தது பெருஞ்செலவுத் தொடரன்று. ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அதனைப் பொறுமையோடு வாசித்த ஒரு குரல். அத்தகைய குரலுக்கு இன்று நிலையம் வேண்டியதில்லை, கோபுரமும் வேண்டியதில்லை. ஒவ்வொரு லயத்திலும் கைத்தொலைபேசி இருக்கிறது. உயர்தர மாணவன் ஒருவன் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையைத் தன் ஊர்ப் பேச்சின் ஓசையோடு வாசித்துப் பதிவு செய்யலாம். தன் பாட்டியின் வாயிலிருந்து, சி. வி. தொகுக்காத ஒரு பாடலைப் பிடித்து வைக்கலாம். காமன் கூத்தைப் படமாக்கலாம். மறுபதிப்புக் காணாத நூல்களில் எத்தனையோ இன்று நூலக எண்ணிம நூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. கருவியும் இருக்கிறது, மூலமும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் வேலையே எஞ்சியிருக்கிறது. அவ்வேலை ஆசிரியருடையது, ஆசிரியர் சங்கங்களுடையது, பல்கலைக்கழகத் தமிழ் மாணவருடையது.

ஆனால் இது தன்னார்வத் தொண்டோடு முடிந்துவிடும் செய்தியுமன்று. பொதுப்பணத்தில் நடக்கும் வானொலியும் தொலைக்காட்சியும், இந்நாட்டின் செல்வத்தை ஆக்கிய மக்களின் இலக்கியத்துக்கு நேரமும் நிதியும் ஒதுக்கக் கடமைப்பட்டவை என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே எழுப்புதல் வேண்டும். குடியுரிமை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஏட்டளவில் நிறைவெய்தியது. 2023 இல், மலையகத்தின் இருநூறாம் ஆண்டு நினைவாக, மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தனர். முன்னோர் நடந்த தடத்தை நாட்டுக்கு நினைவூட்டினர். காணி உரிமையும் கூலி உயர்வும் கேட்கும் மக்கள், தம் கதையைத் தாமே சொல்லும் உரிமையையும் கேட்க வேண்டும். அவ்வுரிமை கிடைக்கும்வரை எந்தச் சிகரத்தின் உச்சியில் எத்தனை கோபுரம் எழுந்தாலும், அதன் நிழல் மட்டுமே லயத்தின்மேல் விழும்; ஒளி விழாது.